தம்பிகள் வெட்டிய சாலை

"இது வெள்ளக்காரன் போட்ட ரோடு மாப்ள. அதான் இன்னிக்கும் நிக்குது."

கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது மாமா இதைச் சொன்னார். 22 வருஷம் லாரி ஓட்டியவர். பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வருவார், சில சமயம் அப்படியே ஊட்டி வரைக்கும். திரும்பும்போது உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. இப்போது முட்டி தேய்ந்துபோய் வீட்டோடு இருக்கிறார். "ஒரு தபா அந்த ரோட்ட உக்காந்துகினு பாக்கணும்டா. ஓட்டறவன் எங்க பாத்தான்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன சீசன் முடிந்த பிறகு கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களுக்கு ஊர் திருவதிகை. கெடிலத்தின் கரை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான பூமி. கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். செம்மண் மேடு. வெளியூர்க்காரர்களிடம் அதை மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பெயரும்கூட கேப்பர் என்ற கம்பெனி ராணுவ அதிகாரியுடையது. அங்கே அவருக்கு முன்னால் ஆடு மேய்த்தவர்கள் அதை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் முழிப்பார்கள்.

அதனால்தானோ என்னவோ, மாமாவின் வாக்கியம் என்னைக் குடைய ஆரம்பித்தது. 'வெள்ளைக்காரன் போட்ட ரோடு.' நாமெல்லாரும் சொல்கிற வாக்கியம்தான். பாலத்தைப் பார்த்தாலும் அணையைப் பார்த்தாலும் இதையேதான் சொல்கிறோம். ஆனால் ஒரு வெள்ளைக்காரன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாறைமேல் நின்றானா? நின்றது யார்?

*

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நீலகிரியை யாரும் 'கண்டுபிடிக்க'வில்லை.

கர்நாடகத்தின் சாமராஜநகர்ப் பக்கம் கிடைத்த 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி தோடர்களை அச்சுறுத்தியதைப் பெருமையாகச் சொல்கிறது. அதாவது 900 வருஷத்துக்கு முன்னாலேயே கீழே இருந்தவர்களுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். மேலே எருமை வளர்க்கும் தோடர்கள், இரும்படிக்கும், பானை வனையும் கோத்தர்கள், விவசாயம் செய்யும் படுகர்கள். சரிவுகளில் குறும்பர்களும் இருளர்களும். தேன், மெழுகு, நெய் கீழே இறங்கும். உப்பு, துணி, புகையிலை மேலே ஏறும். இவையெல்லாம் பறந்து போகவில்லை. பாதைகள் இருந்தன. தலையில் மூட்டையோடு ஒருவர் பின் ஒருவராக ஏறும் ஒற்றையடிப் பாதைகள். மலை ஏற வேண்டியவருக்கு அது போதுமானதாக இருந்தது.

1603இல் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு 200 வருஷம் ஐரோப்பியர் யாரும் அக்கறை காட்டவில்லை. 1799இல் திப்பு விழுந்த பிறகு நீலகிரி கம்பெனியின் கைக்கு வந்தது. 1812இல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் மக்மஹன் என்ற உதவியாளரோடு மேலே போனார். அவர்கள் கிளம்பிய தணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது. 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்று கோவையின் இரண்டு இளம் அதிகாரிகள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திக்கொண்டு போய்த்தான் இவர்கள் மேலே ஏறினார்கள் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையாக இருந்தால், நீலகிரியைக் 'கண்டுபிடித்த' ஆங்கிலேயருக்கு வழிகாட்டியவர்கள் நம்மூர்க் கடத்தல்காரர்கள்!

அவர்கள் இறங்கிவந்து சொன்ன சேதி ஒன்றே ஒன்றுதான்: மேலே குளிர்கிறது.

இன்றைக்கு நமக்கு அது சுற்றுலாச் செய்தி. அன்றைக்கு அது மருத்துவச் செய்தி. சமவெளியில் காலராவிலும் காய்ச்சலிலும் ஐரோப்பியர் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். நோயாளி சிப்பாயைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதைவிட, மாட்டு வண்டி தூரத்தில் ஓர் இங்கிலாந்து கிடைத்தால் எவ்வளவு மிச்சம்! நீலகிரிச் சாலைகளின் தொடக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அழகு அந்தக் கணக்கில் எங்குமே கிடையாது.

*

1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். வயது 30. ஏறியவர் அந்த இடத்தின்மேல் பைத்தியமாகிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அதே வருஷம் மறுபடி போனார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் வீடு கட்டத் தொடங்கினார். அந்த வீடு இருந்த கன்னேரிமுக்கில் இன்று அவருடைய நினைவகம் இருக்கிறது. வீடு கட்டினால் போதுமா? போக வழி வேண்டுமே. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துச் சிறுமுகையிலிருந்து திம்பட்டி வரைக்கும் ஒரு பாதை வெட்ட ஏற்பாடு செய்தார். லெப்டினன்ட் எவன்ஸ் மக்பெர்சன் என்ற அதிகாரியின் பொறுப்பில் வேலை நடந்தது. 1823 மே மாதம் பாதை முடிந்தது.

நீலகிரியின் முதல் 'சாலை' இதுதான். சாலை என்பதற்காகப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். குதிரையும் பொதிமாடும் டோலியும் போகலாம், அவ்வளவுதான். ஆனால் ஒற்றையடிப் பாதைக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. ஒற்றையடிப் பாதை மலை சொன்னபடி போகும். சாலை மலையை வெட்டிக்கொண்டு போகும்.

வெட்டியவர்களில் கைதிகள் இருந்தார்கள். சிறையிலிருந்து கொண்டுவந்து வேலையில் இறக்கப்பட்டவர்கள். என்ன குற்றம் செய்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் இன்று நாம் படிக்கிற ஊட்டி வரலாறுகளில் வருவதில்லை. 'கைதிகளைக் கொண்டு' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறார்கள். மண்வெட்டியைக் கொண்டு, வெடிமருந்தைக் கொண்டு, கைதிகளைக் கொண்டு. மூன்றும் கருவிகள்.

*

கைதிகளைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தடம் விட்டுச்சென்ற இன்னொரு கூட்டம் உண்டு. பயனீர்கள்.

பயனீர் என்ற சொல்லுக்கு இன்று நாம் 'முன்னோடி' என்று அர்த்தம் சொல்கிறோம். முன்னோடி எழுத்தாளர், முன்னோடி விஞ்ஞானி என்று கௌரவமான இடங்களில் போடுகிறோம். ஆனால் ராணுவத்தில் பயனீர் என்றால் கடப்பாரையும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு படைக்கு முன்னால் போகிறவன். காட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, பீரங்கி வண்டி வர வழி செய்கிறவன். பின்னால் குதிரையில் வருகிற தளபதியின் பெயர் சரித்திரத்தில் நிற்கும். முன்னால் ஓடியவனுக்குத் தினப்படி. 'முன்னோடி' என்ற தமிழ்ச் சொல், அதை உருவாக்கியவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அசல் அர்த்தத்துக்கு மிக நெருக்கமாக வந்து விழுந்திருக்கிறது.

சென்னை ராணுவத்தில் 1780இல் இரண்டு பயனீர் கம்பெனிகள் தொடங்கப்பட்டன. தமிழும் தெலுங்கும் பேசும் ஆட்கள். மைசூர்ப் போர்களில் இவர்கள்தான் பாதை வெட்டினார்கள். போர்கள் ஓய்ந்த பிறகு அதே கடப்பாரையோடு மலைக்கு அனுப்பப்பட்டார்கள். 1830களின் தொடக்கத்தில் இந்தப் படை 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்ற படையோடு சேர்ந்துவிட்டது. அதன் வாரிசு இன்றும் பெங்களூருவில் இருக்கிறது. மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். இந்திய ராணுவத்தில் அந்தப் படைவீரனுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: தம்பி. பஞ்சாபியும் சொல்வான், வங்காளியும் சொல்வான். 'தம்பி'கள் வந்தால் பாலம் வந்துவிடும் என்று அர்த்தம்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. பெயர்கள் தொலைந்துபோன கூட்டத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெயர் ஒரு உறவுமுறைச் சொல். யாரோ ஒரு மூத்தவன் இளையவனை "தம்பி, அந்தக் கல்ல இப்பிடித் தள்ளு" என்று கூப்பிட்டதைக் காதில் வாங்கிய அதிகாரி, எல்லாருக்குமே அதுதான் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் நம்பத் தோன்றுகிறது.

*

மலைச்சாலை எப்படிப் போடுகிறார்கள்? மாமாவிடம் கேட்டால் ஓட்டுநரின் பதில் வரும்: "ஏர்ற வண்டி மூச்சு வாங்கக் கூடாது. அப்பிடிப் போட்டா அது ரோடு."

கணக்கு எளிதானது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஏற வேண்டியது 1,500 மீட்டர் சொச்சம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி தவிக்காமல் ஏற வேண்டுமென்றால் 20 அடி போனால் 1 அடிதான் உயர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,500 மீட்டர் ஏற 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆனால் மலை அவ்வளவு தூரத்தை நேராகக் கொடுக்காது. எனவே இல்லாத தூரத்தை உண்டாக்க வேண்டும். மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வர வேண்டும். மடிப்பு முடிந்துபோனால் திரும்பி, வந்த பக்கமே மேலே போக வேண்டும். அந்தத் திருப்பம்தான் கொண்டை ஊசி வளைவு.

முதலில் ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குச் சரிவின் குறுக்கே கோடு கிழிப்பதுபோல் ஒரு தடம் வெட்டுவார்கள். சாய்வு சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு அகலப்படுத்துவார்கள். மேல்பக்கம் வெட்டி எடுத்த மண்ணும் கல்லும் கீழ்ப்பக்கம் விழும். அது உருண்டு போகாமல் கல்லடுக்கித் தாங்குசுவர் கட்ட வேண்டும். வழியில் பாறை வந்தால் உளியும் சம்மட்டியும் வைத்துத் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, திரி வைத்துவிட்டு ஓட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான எதிரி வரும். அது தண்ணீர். மலைச்சாலையைக் கொல்வது மழை. மேல்பக்கம் ஓரக்கால்வாய், ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு சிறுபாலம். தண்ணீருக்கு வழி விடாத மலைச்சாலை ஒரு பருவம்கூடத் தாங்காது.

நாம் ரசிக்கிற காட்சியும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். சாய்வைக் குறைக்க மலை முனையைச் சுற்றிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு முனையிலும் சாலை வெறும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. கீழே பவானிச் சமவெளி விரிகிறது. நாம் செல்ஃபி எடுக்கும் இடம் ஒவ்வொன்றும், மாடு மூச்சு வாங்கக் கூடாது என்று யாரோ போட்ட கணக்கின் உபரி.

*

கோத்தகிரிப் பாதை போதவில்லை. 1820களின் கடைசியில் சென்னை கவர்னராக இருந்த ஸ்டீபன் லஷிங்டனுக்கு ஊட்டிமேல் பெரிய பிரியம். அவர் உத்தரவில் குன்னூர் வழியாக இன்னொரு பாதை வெட்டப்பட்டது. 1830இல் தொடங்கி 1832 வாக்கில் முடிந்த வேலை அது. கேப்டன் முர்ரே, லெப்டினன்ட் லெ ஹார்டி என்ற அதிகாரிகளின் கீழ் பயனீர்கள் செய்தது. மைசூர்ப் பக்கத்திலிருந்து சீகூர் வழியாகவும் ஒரு பாதை ஏறியது.

இதே வருஷங்களில் ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் எழுந்தது. 1831இல் திறந்தார்கள். இன்றும் உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம், தேக்கு உத்தரங்கள் தெரியும். அவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. யானைகளை வைத்து இழுத்தார்கள் என்று சொல்வார்கள். தோற்ற மன்னனின் கூரை, வென்றவனின் கோயிலுக்கு மலையேறிப் போயிருக்கிறது.

இன்னொரு சுமையையும் சொல்ல வேண்டும். 1834 ஜூனில் மெக்காலே சென்னையில் கப்பலிறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்தார். மெக்காலே பெங்களூரு, மைசூர் வழியாக ஊட்டிக்குப் போனார். ஏறக்குறைய 400 மைல். ரயில் கிடையாது, மோட்டார் கிடையாது. பல்லக்கில் போனார். அதாவது மனிதர்களின் தோள்மேல் போனார். அடுத்த வருஷம்தான் இந்தியாவுக்கு எந்த மாதிரிக் கல்வி வேண்டும் என்ற தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். மெக்காலேயைப் பற்றி நாம் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், ஆதரித்தும் எதிர்த்தும். அவரைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்களைப் பற்றி ஒரு பத்தி படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

*

அடிவாரத்தில் இரவு தங்காதே. இதுதான் அந்தக் காலத்தில் ஊட்டி போகும் துரைமார்களுக்குத் தரப்பட்ட முதல் அறிவுரை. காட்டுக் காய்ச்சல் பிடித்துவிடும். விடியும் முன் கிளம்பி, காடு முழுவதையும் ஒரே மூச்சில் கடந்து மேலே போய்விட வேண்டும். காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நிரூபித்தது 1897இல்.

கடந்து போகிறவருக்கு இந்த அறிவுரை சரி. அதே காட்டில் பாதை வெட்டுகிறவன் எங்கே போய்த் தங்குவான்? அவன் கூடாரமே அங்கேதான். பகலில் பாறை, ராத்திரியில் கொசு. நோயாளிகளைப் பிழைக்க வைக்க ஒரு மலைக்குப் பாதை போட்டார்கள். அந்தப் பாதையைப் போட ஆரோக்கியமான ஆட்களைக் காய்ச்சல் காட்டுக்குள் இறக்கினார்கள். இந்த முரண் அன்று யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

அந்தக் காய்ச்சலுக்கான மருந்தும் பிறகு இதே மலையில்தான் வளர்ந்தது. 1860 வாக்கில் மக்ஐவர் என்ற தோட்டக்கலை அதிகாரியின் மேற்பார்வையில் தென் அமெரிக்காவின் சின்கோனா மரத்தை தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். கொயினா அதன் பட்டையிலிருந்து வருவது. நடுவட்டத் தோட்டங்களிலும் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் மலாயா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. பினாங்கில் பிடிபட்டவன் நீலகிரியில் மரம் நடுகிறான். சாம்ராஜ்யம் என்பது இதுதான்போல.

*

பழைய குன்னூர்ப் பாதை செங்குத்து. மாட்டு வண்டிகள் திணறின. வெலிங்டனில் 1850களில் பட்டாளக் குடியிருப்பு வந்துவிட்டது. காப்பி, தேயிலைத் தோட்டங்கள் பெருகின. மூட்டைகள் இறங்க வேண்டும், அரிசி ஏற வேண்டும். எனவே புதிய சாய்வில் புதிய சாலை ஒன்று வெட்டப்பட்டு 1871இல் முடிந்தது. நாங்கள் பஸ்ஸில் போனது அதன் தடத்தில்தான். அதைப் போட்ட அதிகாரி லா. குன்னூருக்குக் கீழே ஓர் அருவி அவர் பெயரில் 'லாஸ் ஃபால்ஸ்' என்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல். அங்கிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் ஏற இன்னும் 26 வருஷம் ஆயிற்று, 1899 ஜூனில். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, மலையைச் சுமந்தது இந்தச் சாலைதான்.

பர்லியாறில் பஸ் நின்றது. இந்த இடத்தில் கோவை கலெக்டராக இருந்த தாமஸ் 1850களில் ஒரு பழத்தோட்டம் போட்டார், 1871இல் அரசாங்கம் வாங்கிக்கொண்டது. மங்குஸ்தானும் டுரியனும் அதன் வழியாக வந்தவை. சாலையோரத்தில் பழக்கடைகள். இறங்கியதும் மாமாவுக்குப் பலாப்பழ வாசனை எட்டிவிட்டது. ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தார், காம்பை முகர்ந்தார்.

"எவ்ளோம்மா?"

கடைக்கார அம்மா விலை சொன்னார்.

"நாங்க பண்ருட்டி. எங்ககிட்டயே பலாவா?" என்று சிரித்தார் மாமா.

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேணாங்க. சாப்ட்டுப் பாத்துட்டுக் காசு குடுங்க" என்று இரண்டு சுளையை எடுத்து நீட்டினார் அந்த அம்மா.

மாமா மென்றுகொண்டே என்னைப் பார்த்து, "பரவால்ல. ஆனா நம்மூரு பலா இல்ல" என்றார். காசு மட்டும் மிச்சம் கேட்காமல் கொடுத்தார்.

அந்த அம்மாவோடு பேச்சுக் கொடுத்தேன். அவருடைய தாத்தா பாட்டி சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்களாம். "கப்பல்ல வந்து, ரயில்ல வந்து, அப்புறம் இந்த ரோட்லதான் லாரில ஏத்திக் கொண்டாந்தாங்களாம்" என்றார்.

1964இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காகத்தான் 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ ஆனது. அவர்களுடைய முன்னோர்கள் இங்கிருந்து இலங்கைக்குப் போன கதையும் ஒரு மலைச்சாலையில்தான் ஆரம்பிக்கிறது. 1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டார். கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்துகொண்டு போகும் சாலை. கண்டிச் சிங்களக் குடியானவர்களை ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பில் இறக்கித்தான் அதன் பெரும்பகுதி வேலை நடந்தது. அந்தச் சாலை வழியே காப்பித் தோட்டம் வந்தது, தோட்டத்துக்காகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். சாலையைப் போட்டு முடிக்கும் முன் 1829இல் இறந்த கேப்டன் டாசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறது. மற்றவர்களுக்குச் சாலைதான் கோபுரம். அதன்மேல் வண்டிகள் போகின்றன.

*

சல்லிவனை வில்லனாக்குவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. தோடர்களிடம் அவர் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்று சொல்கிறார்கள். அதே சல்லிவன்தான் நீலகிரி நிலம் தோடர்களுக்கே உரியது என்று மேலிடத்தோடு வாதாடியவரும். அவருடைய மனைவியும் மகளும் செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில்தான் இருக்கிறார்கள். ஆரோக்கியத்துக்காக அவர் பாதை போட்ட ஊர் அவருக்கு அதையும் கொடுத்தது. 2022இல் ஊட்டி 200 கொண்டாட்டத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். வைக்கட்டும்.

ஆனால் பாதை என்பது இரண்டு பக்கமும் திறந்த கதவு. அதன் வழியே மருந்து வரும், பள்ளிக்கூடம் வரும். பட்டா வரும், வனச்சட்டம் வரும், சீகை மரம் வரும், தைல மரம் வரும். எருமை மேய்ந்த புல்வெளி பங்களாத் தோட்டமாகும். தோடர்கள் யாரும் எங்களுக்கு ஒரு சாலை போட்டுக்கொடுங்கள் என்று மனுக் கொடுக்கவில்லை.

மலையும் அவ்வப்போது தன் கணக்கைச் சொல்கிறது. 1993 நவம்பரில் இந்தச் சாலையில் மரப்பாலம் அருகே சரிந்த மண் வண்டிகளையும் ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிவுகள், 40க்கும் மேற்பட்ட உயிர்கள். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். எத்தனை வண்டியை இந்த மலை தாங்கும் என்ற கேள்வி 200 வருஷத்தில் இப்போதுதான் அதிகாரபூர்வமாகக் கேட்கப்படுகிறது.

*

மாமா லாரி ஓட்டிய காலத்து விதி ஒன்றைச் சொன்னார். மலைச்சாலையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால், இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். "ஏறிக்கினு இருக்கறவன நிறுத்தினா மறுபடி கெளம்ப அவனுக்கு உயிர் போவும் மாப்ள. எறங்கறவனுக்கு இன்னா, பிரேக்க வுட்டாப் போவுது." எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் ஒவ்வொரு ஓட்டுநரும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்த விதி என்றார். சட்டப் புத்தகத்திலும் அது இருக்கிறது என்றேன். "அப்பிடியா?" என்று ஆச்சரியப்பட்டார். "பரவால்லியே, அவனுக்கும் தெரிஞ்சிருக்கே."

குன்னூருக்கு முன்னால் ஒரு வளைவில் போக்குவரத்து நின்றுவிட்டது. இறங்கிக் கால் நீட்டினோம். பழைய தாங்குசுவர் ஒன்று, கல்லுக்கு மேல் கல், இடுக்கெல்லாம் பாசியும் பெரணியும். மாமா ஒரு கல்லில் கைவைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உளி பட்ட கோடுகள், சாய்வாக, ஒரே இடைவெளியில். எந்தக் காலத்துக் கல் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. யாரோ ஒருவர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கொத்தியிருக்கிறார்.

திருவதிகைக் கோயிலில் அப்பர் சிலை கையில் உழவாரத்தோடு நிற்கும். புல் செதுக்குகிற, வழியைச் சுத்தம் செய்கிற கருவி. சின்ன வயதில் மாமாதான் என்னைத் தோளில் தூக்கி அதைக் காட்டியிருக்கிறார். "சாமியாரு கையில மம்மிட்டி பாத்தியாடா?" என்று. கருவியோடு ஒருவருக்குச் சிலை வைத்த ஊர்க்காரர் அவர். கல்லிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"ஏன் மாப்ள, இத வெள்ளக்காரனா கொத்திருப்பான்?"

"இல்ல மாமா."

"அதான பாத்தன்" என்றார். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். மேலே ஏறும் வண்டிகளுக்கு வழி விட்டுவிட்டார்கள்.